திரும்பி வராத ஒளி

சிலிக்கான் சில்லுகளில் ஒளியை ஓடவிட்டு அளப்பது என் வேலை. இந்தத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் முதலில் புலம்புவது வந்த வழியே திரும்பிவிடும் ஒளியைப் பற்றித்தான். ஒளி ஓடும் தடம் ஏறத்தாழ 450 நானோமீட்டர் அகலம், 220 நானோமீட்டர் உயரம். அதன் பக்கச்சுவரில் இரண்டு மூன்று நானோமீட்டர் சொரசொரப்பு இருந்தாலே போதும், ஒளி சிதறும். சிதறியதில் ஒரு பங்கு பின்னோக்கி ஓடும். வளைய வடிவத் தடத்தை அளக்கும்போது இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். வெளிவரும் ஒளியின் அளவை அலைநீளத்தோடு வரைபடமாக்கினால், ஒற்றைப் பள்ளமாக விழ வேண்டிய கோடு அடியில் பிளந்து இரட்டைப் பள்ளமாக நிற்கும். வலமாகச் சுற்றும் ஒளியும், சுவரில் பட்டு இடமாகத் திரும்பிய ஒளியும் பிணைந்துவிட்டன என்று அதற்குப் பொருள்.

அதனால்தான் 2009-ல் எம்.ஐ.டி.யில் செங் வாங், யீடோங் சோங், ஜான் ஜோனாபுலஸ், மரின் சோல்யாச்சிச் ஆகியோர் செய்த சோதனை எனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது. வனேடியம் கலந்த கால்சியம்-இரும்பு கார்னெட் என்ற காந்தப் பொருளாலான சிறு தண்டுகளை, 4 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுர வரிசையாக நட்டார்கள். 0.2 டெஸ்லா காந்தப்புலம் கொடுத்தார்கள். வரிசையின் ஓரத்தில் ஓர் உலோகச் சுவர். சுவருக்கும் தண்டுகளுக்கும் நடுவே 4.5 கிகாஹெர்ட்ஸ் அளவிலான நுண்ணலையை அனுப்பினார்கள். ஒரு திசையில் அலை சுகமாகப் போனது. எதிர்த்திசையில் அது சுமார் 50 டெசிபெல் குறைவு, அதாவது லட்சத்தில் ஒரு பங்கு. பிறகு பாதையின் குறுக்கே ஓர் உலோகத் தடுப்பை வைத்தார்கள். வேறெந்தத் தடமாக இருந்தாலும் அலை அதில் மோதித் திரும்பியிருக்கும். இங்கே அது தடுப்பைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்ச் சேர்ந்தது, வலிமையும் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

இதன் வேர் 1980-ல் கிளவுஸ் ஃபான் கிளிட்சிங் கண்ட குவாண்டம் ஹால் விளைவில் இருக்கிறது. கடும் குளிரில், வலுவான காந்தப்புலத்தில் வைத்த மெல்லிய எலக்ட்ரான் படலத்தில் மின்கடத்தல் முழு எண் படிகளாக ஏறுகிறது. அந்த முழு எண் எங்கிருந்து வருகிறது என்பதை 1982-ல் டேவிட் தவ்லஸும் அவருடைய கூட்டாளிகளும் விளக்கினார்கள். செர்ன் எண் என்று அதற்குப் பெயர். தூணைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தளர்த்தலாம், இறுக்கலாம், கோணலாக்கலாம். அறுக்காதவரை சுற்றுகளின் எண்ணிக்கை மாறாது. செர்ன் எண்ணும் அப்படித்தான். சிறு குறைபாடுகளால் 1 என்பது 0.9 ஆகிவிடாது. எண் 1 ஆக இருக்கும் பொருளும் 0 ஆக இருக்கும் பொருளும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் ஒரு வழிப் பாதை ஒன்று உருவாகியே தீரும். பின்னோக்கிய பாதை அங்கே கிடையாது. அலை திரும்பாததற்குக் காரணம் இவ்வளவுதான்: திரும்பிப் போக வழியே இல்லை.

இது எலக்ட்ரானுக்கு மட்டும் உரிய தன்மை அல்ல, அலைக்கே உரியது என்று கண்டு ஒளிக்கு எடுத்து வந்தவர்கள் டங்கன் ஹால்டேனும் ஸ்ரீநிவாஸ் ரகுவும். 2005-லேயே அவர்கள் எழுதி முடித்த கட்டுரை 2008-ல்தான் இதழில் வெளியானது.

செர்ன் எண் கணக்கின் அடியில் இருப்பது வடிவியல் கட்டம். கட்டம் என்பது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதன் அளவு. அலை ஒரு சுற்று சுற்றிப் பழைய நிலைக்கு வரும்போது, போன பாதையின் வடிவத்தால் மட்டுமே அதன் கட்டத்தில் சேரும் மாற்றம் அது. மைக்கேல் பெரி 1984-ல் இதைப் பொதுவாக நிறுவினார். ஆனால் முனைவாக்கம் பெற்ற ஒளியில், அதாவது அதிரும் திசை ஒழுங்குபட்ட ஒளியில், அதை 1956-லேயே பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில் கண்டு எழுதியவர் எஸ். பஞ்சரத்தினம். சி. வி. ராமனின் உறவினர், அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. ‘இடவியல் ஒளியியல்’ எனப்படும் இந்தத் துறையைப் பற்றி யார் பேசினாலும் அவர் பெயரும் வர வேண்டும் என்பது என் ஆசை.

இனி சிக்கலுக்கு வருகிறேன். பாதையை ஒரு வழியாக்க நுண்ணலையில் காந்தம் செய்யும் வேலையை, நாங்கள் பயன்படுத்தும் 1,550 நானோமீட்டர் ஒளியில் செய்வதில்லை. அந்த அதிர்வெண்ணில் காந்தத்தின் பிடி மிகவும் தளர்ந்துவிடுகிறது. எனவே காந்தம் இல்லாத வழிகளைத் தேடினார்கள். 2013-ல் இஸ்ரேலின் டெக்னியோன், ஜெர்மனியின் யேனா குழுக்கள் கண்ணாடிக்குள் லேசரால் திருகு சுருளாகத் தடங்கள் வரைந்து, சிவப்பு ஒளியை ஓரத்திலேயே ஓட வைத்தது அழகான வேலை. பிறகு துளைகளின் அளவை மாற்றி மாற்றி அமைக்கும் ‘வேலி ஹால்’ (valley Hall) வடிவங்கள் பெருகின. சிலிக்கானில் செய்ய எளிது என்பதால் கட்டுரைகள் குவிந்தன. எல்லாவற்றிலும் ‘குறைபாடுகளைத் தாங்கும்’ என்ற அதே அடைமொழி.

எனக்கு இதில் உடன்பாடில்லை. காந்தம் இல்லாத இந்த வேலி ஹால் வடிவங்களில் பின்னோக்கிய பாதையும் கூடவே இருக்கிறது. முன்னும் பின்னும் கலக்காமல் தடுப்பது வடிவத்தின் சமச்சீர்மை மட்டுமே. பொறிக்கும்போது வரும் சொரசொரப்புக்கு எந்தச் சமச்சீர்மையும் தெரியாது. 2023-ல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு சிலிக்கானில் இதை நேரடியாக அளந்து, வேலி ஹால் தடங்களில் பின்சிதறல் பலமாகவே இருக்கிறது என்று காட்டியது. இந்தத் துறைக்குத் தேவைப்பட்ட கட்டுரை அது. ஒளி உறிஞ்சப்படுவதையும் மேல்நோக்கிக் கசிவதையும் எந்தச் செர்ன் எண்ணும் தடுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்காக வேலி ஹால் வீண் என்று நான் சொல்லவில்லை. சிங்கப்பூரின் நன்யாங், ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகக் குழுக்கள் 2020-ல் டெராஹெர்ட்ஸ் அலையைப் பத்துக் கூர்மூலைகள் வழியே திருப்பி, விநாடிக்கு 11 கிகாபிட் தகவலை அனுப்பினார்கள். அங்கே அலைநீளம் பெரியது. நானோமீட்டர் சொரசொரப்பு அதன் கண்ணில் படாது. கூர்மூலையைத் தாங்குவது வேறு, சொரசொரப்பைத் தாங்குவது வேறு.

ஆகவே புதிய கட்டுரை எதைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: அதே சில்லில், அதே நாளில் பொறித்த சாதாரணத் தடத்தோடு ஒப்பிட்டுப் பின்சிதறலை அளந்திருக்கிறார்களா? அளந்திருந்தால் உட்கார்ந்து முழுவதும் படிப்பேன். சிலிக்கான் மேல் கார்னெட் படலத்தை ஒட்ட முயல்பவர்களின் கட்டுரை என்றால் எதையும் தேடாமலே படிப்பேன். எங்கள் மேசையில் லேசருக்கு முன்னால் நின்று திரும்பும் ஒளியைத் தடுக்கும் சிறு உருளைக்குள் இருப்பதும் காந்தம் சூழ்ந்த கார்னெட்தான். அதைச் சில்லுக்குள் குறைந்த இழப்போடு கொண்டு வருபவர்கள்தான் 2009-ன் சோதனையை எங்கள் அலைநீளத்துக்கும் கொண்டு வருவார்கள் என்று நம்புகிறேன்.