சிஐபி பம்ப் தேர்வு: சேலத்து டைரிக்கும் ஏற்காட்டு ஜாம் யூனிட்டுக்கும் போட்ட கணக்கு

சேலம் பக்கம் பம்ப் என்றாலே முதலில் வரும் கேள்வி "எத்தனை எச்.பி.?" என்பதுதான். குழாயையும் டேங்கையும் கழற்றாமல், உள்ளேயே காஸ்டிக் சோடாக் கரைசலும் ஆசிடும் சுற்றவிட்டுக் கழுவும் சிஐபி வேலையில் எச்.பி. கடைசியாகப் போட வேண்டிய கணக்கு. சேலத்தில் ஒரு டைரிக்கும் (பால் பதப்படுத்தும் ஆலை) ஏற்காட்டில் ஒரு சின்ன ஜாம் யூனிட்டுக்கும் பம்ப் தேர்வு செய்தபோது நாங்கள் போன வழியை அப்படியே எழுதுகிறோம்.

முதலில் ஓட்டம். குழாய்க்குள் கரைசல் நொடிக்குக் குறைந்தது 1.5 மீட்டர் வேகத்தில் போனால்தான் சுவரில் ஒட்டியது உரிந்து வரும். 2 இன்ச் டைரி குழாயின் உள்விட்டம் 47.5 மி.மீ. அந்த வேகத்துக்கு மணிக்கு 9.6 கன மீட்டர் வேண்டும். 2½ இன்ச் என்றால் 15.4, 3 இன்ச் என்றால் 22.5. லைனில் இருக்கும் பெரிய குழாயை வைத்துத்தான் பம்பை முடிவு செய்ய வேண்டும். 2 இன்ச் லைனுக்கு நடுவில் கையிருப்பில் இருந்ததென்று 3 இன்ச் துண்டு ஒன்றைச் சேர்த்துவிட்டால், அந்தத் துண்டில் மட்டும் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிப் பால்கல் (பாலின் உப்பும் புரதமும் இறுகிய படிவு) படியும்.

டேங்குக்குக் கணக்கு வேறு. சுற்றாத ஸ்ப்ரே பால் (கரைசலைத் தெளிக்கும் ஓட்டைப் பந்து) போட்ட நிற்கும் டேங்குக்குச் சுற்றளவின் ஒவ்வொரு மீட்டருக்கும் நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர். 2.2 மீட்டர் விட்டமுள்ள சைலோவுக்கு (உயரமான பால் டேங்க்) நிமிடத்துக்கு 207 லிட்டர், அதாவது மணிக்கு 12.4 கன மீட்டர். டைரியில் பால் வரும் லைன் 2½ இன்ச். எனவே பெரிய எண்ணான 15.4-ஐ எடுத்து 16 என்று வைத்தோம்.

அடுத்து ஹெட், அதாவது பம்ப் தர வேண்டிய அழுத்தத்தை மீட்டர் உயரமாகச் சொல்லும் கணக்கு. சைலோ உச்சிக்கு ஏற 5 மீட்டர், ஸ்ப்ரே பாலுக்கு 1.5 பார், அதாவது 15 மீட்டர், குழாய், வால்வு, ஹீட்டர் உராய்வுக்கு 10, கொஞ்சம் கையிருப்பு. மொத்தம் 34. பிரஷர் கூடினால் நன்றாகக் கழுவும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்ப்ரே பாலில் பிரஷரை ஏற்றினால் தண்ணீர் பனியாய்ச் சிதறும், சுவரில் வழியாது.

இப்போதுதான் எச்.பி. 16 கன மீட்டர், 34 மீட்டர், பம்பின் திறன் 50 சதவீதம் என்றால் 3 கிலோவாட். 4 கிலோவாட் மோட்டார் போதும்போலத் தெரியும். ஆனால் அதே பம்ப் ஸ்ப்ரே பால் இல்லாத குட்டை லைனைக் கழுவும்போது எதிர்ப்பு குறைந்து ஓட்டம் எகிறும், ஆம்பியர் ஏறும், மோட்டார் டிரிப் ஆகும். அதனால் பம்ப் கர்வின் (ஓட்டம் கூடக் கூட ஹெட் எப்படி மாறும் என்று காட்டும் வரைபடம்) வலது கோடி வரை தாங்கும் 5.5 கிலோவாட்டும், ஃப்ளோ மீட்டரைப் பார்த்து வேகத்தை மாற்றும் டிரைவும் கேட்டோம்.

மலை ஏறியதும் கணக்கு மாறியது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 84.5 கிலோபாஸ்கல், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கிறது. கீழே சேலத்தில் காற்றழுத்தம் 98 கிலோபாஸ்கல். 85 டிகிரித் தண்ணீரின் ஆவியழுத்தம் 57.8 கிலோபாஸ்கல். இதைக் கழித்தால் பம்பின் வாய்க்குத் தள்ளிக்கொடுக்கச் சேலத்தில் 4.2 மீட்டர் மிஞ்சும், ஏற்காட்டில் வெறும் 2.8. டேங்கில் மட்டம் பம்புக்கு மேல் 0.3 மீட்டருக்கு இறங்கி, சக்‌ஷன் குழாயில் (பம்புக்குள் வரும் குழாய்) 0.8 உராய்வில் போனால் கையில் இருப்பது 2.3. பம்ப் கேட்பது 2.5 என்றால் உள்ளே குமிழி வெடிக்கும். ஜல்லியை அரைப்பதுபோல் சத்தம் வரும், இம்பெல்லர் (உள்ளே சுழலும் சக்கரம்) ஓரம் குழிகுழியாகும். சேலத்தில் அதே பம்ப், அதே மட்டத்தில் சத்தமில்லாமல் ஓடும். ஆகவே கம்பெனி தரும் கர்வில் என்பிஎஸ்ஹெச் (குமிழி வராமல் இருக்கப் பம்பின் வாயில் வேண்டிய குறைந்தபட்ச அழுத்தம், மீட்டரில்) கோட்டைக் கேட்டு வாங்குங்கள். குறைந்தது ஒரு மீட்டர் மிச்சம் இருக்கட்டும். நாங்கள் டேங்கை உயர்த்தி, சக்‌ஷனை ஒரு அளவு பெரிதாக்கி, குறைந்தபட்ச மட்டத்தைப் பம்புக்கு மேல் 1.5 மீட்டரில் நிறுத்தினோம். 85 டிகிரியில் 3.5 மீட்டருக்குக் குறையாமல் கிடைத்தது. 90 டிகிரி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டோம். அந்தச் சூட்டில் மலைமேல் மிஞ்சுவது 1.5தான். சக்‌ஷனில் ரெடியூசர் (குழாய் விட்டத்தைக் குறைக்கும் இணைப்பு) போட்டால் ஒருபக்கச் சாய்வு ரெடியூசராக, தட்டையான பக்கம் மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே காற்று தங்கும்.

டேங்கைக் கழுவிய கரைசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பை அதிகம் பேர் கவனிப்பதில்லை. எங்களுக்கு அதுதான் முக்கியம். டேங்கின் அடியிலிருந்து வருவது கரைசலும் காற்றும் கலந்த ஓட்டம், சாதா சென்ட்ரிஃப்யூகல் காற்றில் பிடி விட்டுவிடும். தானே இழுக்கும் வகைதான் வேண்டும், சப்ளையைவிட 10 முதல் 15 சதவீதம் கூடுதலாக. குறைந்தால் டேங்க் அடியில் குட்டை தேங்கும், அந்த இடத்துச் சுவரில் மேலிருந்து வழியும் ஓட்டம் படாது. அலசும்போது தேங்கிய காஸ்டிக்கும் தண்ணீரும் கலந்து, திரும்பி வரும் காஸ்டிக்கின் வலுவும் இறங்கும். டேங்க் வாயில் சுழல் தடுக்கும் குறுக்குத் தகடு போட வேண்டும்.

ஜாம் லைனில் லோப் பம்ப் (இரண்டு சுழலும் மடல்கள் கெட்டியான ஜாமைத் தள்ளும் வகை) இருந்தது. அதற்குள் 1.5 மீட்டர் வேகத்துக்கு வேண்டிய ஓட்டத்தைத் திணிக்க முடியாது. பக்கத்தில் பைபாஸ் போட்டு, கழுவும் நேரத்தில் லோப்பையும் மெதுவாகச் சுற்றவிட வேண்டும். பைபாஸின் மூடிய முனை குழாய் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குமேல் நீளக்கூடாது.

பொருள் விஷயத்தில் பேரம் கூடாது. நனையும் பாகம் 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மேற்பரப்பின் சொரசொரப்பு 0.8 மைக்ரான் அல்லது அதற்கும் வழவழப்பாக. சீல் முகம் சிலிக்கான் கார்பைடு, ஓ-ரிங் இபிடிஎம் ரப்பர். வைட்டான் ரப்பர் விலை கூடியதென்று நல்லதாக எண்ணாதீர்கள், சூடான காஸ்டிக்கில் அது இறுகி வெடிக்கும். வாட்டர் பம்ப் கடையில் கிடைக்கும் வார்ப்பிரும்பு மோனோபிளாக்கை நைட்ரிக் ஆசிட் அரித்துவிடும்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் சுற்றும் திசையை முதலில் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் வரும், ஹெட்தான் இருக்காது. பிறகு லிட்டருக்கு 0.2 கிராம் ரிபோஃப்ளேவின் கரைத்து டேங்க் உள்ளே தெளித்து, வெறும் தண்ணீரால் ஒரு சுற்று கழுவி, புற ஊதா விளக்கு அடித்துப் பாருங்கள். மஞ்சள் பச்சையாக ஒளிரும் இடம் தண்ணீர் படாத இடம். அநேகமாக மேன்ஹோல் கழுத்தும் கிளறியின் அடிப்பக்கமும்தான். அங்கே இன்னொரு ஸ்ப்ரே பால் போட்டால், அதன் ஓட்டத்தையும் சேர்த்துப் பம்ப் கணக்கை மறுபடி போட வேண்டும்.