படியில் ஒரு பெயர்

மகாராஷ்டிரத்தில் சிவாஜியின் தலைநகராக இருந்த ராய்கட் கோட்டை, ஜகதீஸ்வரர் கோயில். இன்று காலை ஒரு பெரியவர் ஒரு படியை மட்டும் மிதிக்காமல் தாண்டிப் போனார்.

"ஏன் காகா?" என்று கேட்டேன். பாட்டிலில் இருந்து கொஞ்சம் தண்ணீரைக் கல்லில் ஊற்றினார். ஈரத்தில் எழுத்து மெல்லத் தெரிந்தது: 'சேவையில் எப்போதும் தயாராக இருக்கும் ஹிரோஜி.'

இந்தக் கோட்டையையே கட்டிய ஹிரோஜி இண்டுல்கர், தன் பெயரைப் பக்தர்களின் கால் படும் இடத்தில் வெட்டி வைத்திருக்கிறார்!

புனேயில் நினாத் பேடேகரின் பேச்சைக் கேட்ட பிறகுதான் கோட்டை ஏற ஆரம்பித்தாராம் காகா. மராத்தியின் பழைய எழுத்து முறையான மோடி எழுத்தும் பாரசீகமும் கற்று, பழைய காகிதங்களைப் படித்து, அதோடு நிற்காமல் மலை மலையாக ஏறிப் பார்த்த வரலாற்றாசிரியர் பேடேகர். 2015இல் மறைந்துவிட்டார்.

2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராத்தியக் கோட்டைகளில் ராய்கட்டும் உண்டு, நம்ம செஞ்சியும் உண்டு. சந்தோஷம்தான். ஆனால் ஒரு கல்லை இப்படி நின்று படிக்கச் சொல்லித்தர ஆள் வேண்டுமே, செஞ்சிக்கும் அப்படி நிறைய பேர் வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

திரும்பும்போது நானும் அந்தப் படியைத் தாண்டித்தான் இறங்கினேன். தண்ணீர் காய்ந்து எழுத்து மறுபடி மங்கியிருந்தது.