கடலை அறிந்தவர்கள் தங்கள் கதையைத் தாங்களே வரையும்போது

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தமிழகக் கடற்கரையைப் பற்றி உலகம் பார்த்த படங்களில் பெரும்பாலானவை ஒரே வகையைச் சேர்ந்தவை: உடைந்த படகு, மண்மேடாகிய வீடு, தலையில் கை வைத்து அழும் பெண். அந்தப் படங்கள் பொய் சொல்லவில்லை. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தத் துயரத்தைப் பதிவு செய்ய வேண்டிய கடமை இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு மீனவக் குப்பங்களுக்கு வந்த ஆய்வாளர்களும் தொண்டு நிறுவனங்களும் இதழாளர்களும் "என்ன இழந்தீர்கள், என்ன தேவை" என்ற இரண்டு கேள்விகளையே மீண்டும் மீண்டும் கேட்டதால், ஒரு தலைமுறை தன்னைப் பற்றிப் பேசும்போது இழப்பின் பட்டியலையே முதலில் சொல்லப் பழகிவிட்டது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள ஒரு குப்பத்தில் ஓவியத்தையும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளையும் துணைக்கொண்டு ஊர்க்கதைகளைத் தொகுக்கும் பணியில் ஈடுபட்டிருக்கும் எனக்கு, இந்தப் பழக்கத்தை மாற்றுவதே அப்பணியின் முதல் வேலை என்று தோன்றுகிறது.

படம் வரையும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் "தமிழ்நாட்டு மீனவக் கிராமம்" என்று கேட்டால், எனக்குப் பெரும்பாலும் கிடைப்பது வறண்ட மணலும், கிழிந்த வலையும், கேமராவைச் சோகத்தோடு பார்க்கும் ஒரு முதியவரின் முகமும்தான். இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. இணையத்தில் உள்ள படங்களையும் அவற்றோடு எழுதப்பட்ட விளக்கங்களையும் கொண்டே இக்கருவிகள் பயிற்சி பெறுகின்றன. கடற்கரையைப் பற்றிய விளக்கங்களில் பேரிடரும் வறுமையும் மிகுந்திருந்தால் கருவியும் அவற்றையே திருப்பித் தரும். மனிதர்கள் இருபது ஆண்டுகள் கேட்ட கேள்விகளின் சாய்வை இயந்திரம் சில நொடிகளில் கண்முன் நிறுத்திவிடுகிறது. ஆகவே கருவியைத் திறப்பதற்கு முன்பே, கேள்வியை மாற்றியாக வேண்டும்.

இந்த மாற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிரெட்ஸ்மனும் ஜான் மெக்நைட்டும், ஏழைக் குடியிருப்புகளைக் குறைகளின் வரைபடமாகப் பார்ப்பதை விட்டு, அங்குள்ள மனிதர்களின் திறன், சங்கங்கள், இடங்கள் ஆகியவற்றின் வரைபடமாகப் பார்க்க வேண்டும் என்று 1993-இல் எழுதினர். அதே பத்தாண்டில் கரோலின் வாங்கும் மேரி ஆன் பர்ரிஸும் சீனாவின் யுன்னான் மாநிலக் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களையும் அவற்றுக்கு அவர்களே சொன்ன விளக்கத்தையும் கொள்கை வகுப்போர்முன் வைத்தனர். நம் கரையிலேயே இதற்கு ஓர் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் உள்ள உபாசனா வடிவமைப்பு நிலையத்தின் முயற்சியில், சுற்றுவட்டார மீனவப் பெண்கள் ஆடைத் தயாரிப்பில் மிஞ்சும் துண்டுத்துணிகளைக் கொண்டு சுனாமிகா என்னும் விரல் அளவு பொம்மைகளைச் செய்தார்கள். அவற்றுக்கு விலை கிடையாது. அன்பளிப்பாக மட்டுமே கொடுக்கப்பட்டன. உலகெங்கும் இருந்து நிவாரணம் பெற்றுக்கொண்டிருந்த பெண்கள், உலகத்துக்கு இலட்சக்கணக்கில் பரிசு அனுப்புகிறவர்களாக மாறினார்கள். கலை ஒரு சமூகத்தின் நிலையை எவ்வாறு மாற்றிக் காட்டும் என்பதற்கு இதைவிட எனக்குப் பிடித்த சான்று வேறில்லை.

எங்கள் கூடுகைகளில் கேட்கப்படும் முதல் கேள்வி, "உங்களுக்கு என்ன தெரியும், அதை யாரிடம் கற்றீர்கள்?" என்பதே. தொடக்கத்தில் இக்கேள்வி சிறிது மௌனத்தை ஏற்படுத்தும்; அதன்பின் பேச்சு நிற்காது. விடிவதற்கு முன் முகத்தில் படும் காற்றை வைத்து வாடையா, கொண்டலா, கச்சானா என்று சொல்வது; கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களைக் கண்ணால் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தி, அப்படி இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் கடலடிப் பாறையான பாரின் மேல் படகை நிறுத்துவது; பெரிய வலையை இழுத்து முடித்ததும் வலைக்கு, படகுக்கு, உழைத்தவர்களுக்கு என்று பங்கு பிரிப்பது; மீன் வந்து இறங்கிய சில நிமிடங்களில் அதன் கண்ணையும் செவுளையும் பார்த்து ஏலத்தில் விலை கேட்பது; மழைக்கு முன் கருவாட்டை எப்போது எடுத்து வைப்பது என்று முடிவு செய்வது. இவை எல்லாம் கல்வி. இவற்றுக்குச் சான்றிதழ் இல்லாததால் இவை கல்வி என்று அழைக்கப்படாமல் போயின.

பேச்சைத் தொடர்ந்து வரைதல் வருகிறது. வெள்ளைத் துணியை விரித்து, கரையின் வடகோடியிலிருந்து தென்கோடிவரை ஊரார் தாமே வரைகிறார்கள். ஆண்கள் கடலை நோக்கி வரையத் தொடங்குவார்கள். பெண்கள் கருவாடு காயவைக்கும் திடல், ஏலக்கூடம், பேருந்துநிறுத்தம், சந்தைக்குச் செல்லும் வழி என்று நிலத்தை நிரப்புவார்கள். இருவருடைய கோடுகளும் சந்திக்கும் இடத்தில்தான் படகு நிறுத்துமிடம், வலை உலர்த்துமிடம் போன்ற பொது இடங்கள் தெளிவாகத் தெரியவருகின்றன. இது வெறும் அழகுக்கான வேலை என்று யாரேனும் நினைத்தால், 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை அவர்கள் படிக்க வேண்டும். நீர்நிலைகளில் உள்ள மீன்பிடிப் பகுதிகளையும் மீன் இனப்பெருக்க இடங்களையும் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்று அது கூறியது. அரசு வரைபடத்தில் வெற்றிடமாகக் காட்டப்படும் மணலை, இது இன்னாருடைய வலை உலரும் இடம், இத்தனை தலைமுறையாக உலரும் இடம் என்று ஊரே கதையோடு வரைந்து வைத்திருப்பது, நாளை ஒரு கட்டுமானத் திட்டம் வரும்போது பேசுவதற்கு ஓர் ஆவணத்தைக் கையில் தருகிறது.

செயற்கை நுண்ணறிவு இதற்குப் பிறகே வருகிறது. அதன் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பல மணி நேர ஒலிப்பதிவைக் கையால் எழுதி முடிக்க ஆளின்றிப் பெட்டியில் கிடந்த நேர்காணல்கள் எத்தனையோ. 2022-இல் வெளியான விஸ்பர் போன்ற கருவியும், சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்காக உருவாக்கிய மாதிரிகளும் பேச்சை எழுத்தாக்கும் வேலையைப் பெரிதும் எளிதாக்கியிருக்கின்றன. ஆயினும் விஸ்பர் பயின்ற 6,80,000 மணி நேர ஒலியில், ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளின் பேச்சை அந்தந்த மொழியிலேயே எழுத்தாக்கக் கற்பிப்பதற்கு இருந்தது ஏறத்தாழ 1,17,000 மணி நேரம் மட்டுமே. அதில் தமிழின் பங்கு சிறிது, தமிழுக்குள் கடற்கரைப் பேச்சின் பங்கு மிகச் சிறிது என்பதைக் காதால் கேட்டே உணர முடிகிறது. செய்தி வாசிப்பவரின் தமிழைக் கருவி நன்றாகவே எழுதுகிறது; பெரிய வலை இழுப்பவரின் தமிழில் காற்றின் பெயரும் மீனின் பெயரும் வரும்போது தடுமாறுகிறது. ஆகவே ஊராரிடமிருந்து சொற்பட்டியல் ஒன்றைத் திரட்டி, அதைக் கருவிக்கு முன்குறிப்பாகக் கொடுக்கிறோம். பிழைகள் ஓரளவு குறைகின்றன. எஞ்சியவற்றை ஊரின் இளைஞர்களும் பெண்களும் திருத்துகிறார்கள். பாட்டனின் குரலைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் திருத்தும்போது, கல்லூரிக்குச் சென்று கடலை விட்டு விலகிய ஒரு பேத்தி அந்தச் சொற்களுக்குள் மீண்டும் நுழைகிறாள். திருத்தும் வேலைக்கு ஊதியம் கொடுக்கப்பட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மொழி அறிந்தவரின் உழைப்பை இலவசமாகப் பெற்றுக்கொண்டு அதற்கு "பங்கேற்பு" என்று பெயர் சூட்டுவது நேர்மையாகாது.

எழுத்தாக்குவதில் நேரும் பிழையைவிடச் சுருக்கித் தருவதில் நேரும் பிழை ஆபத்தானது. மீன் விற்கும் அக்காமார்கள் கவலை என்னும் மீன் வகையின் வரத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசிய பதிவைச் சுருக்கித் தரச் சொன்னபோது, அவர்கள் தங்கள் மனக்கவலைகளைப் பகிர்ந்துகொண்டதாகக் கருவி எழுதியது. சொல் தெரியாமை ஒரு பக்கம் இருக்க, மீனவப் பெண் என்றாலே துயரம் என்ற முன்முடிவும் அதில் செயல்பட்டது என்று நான் கருதுகிறேன். எனவே சுருக்கங்களை நாங்கள் வெளியிடுவதில்லை. தேடுவதற்கான அட்டவணையாக மட்டும் வைத்துக்கொள்கிறோம். வெளியே செல்வது பேசியவரின் சொற்களே.

படத்தைப் பொறுத்தவரை வேறொரு வழி எங்களுக்குப் பலன் தந்திருக்கிறது. கருவி வரைந்த கட்டுமரத்தைப் பெரியவர்களிடம் காட்டுவோம். அது பக்கச்சுவர் உடைய, உள்ளே குடைந்த படகாக இருக்கும். உடனே திருத்தம் தொடங்கும்: கட்டுமரத்துக்கு உட்புறம் என்ற ஒன்றே கிடையாது, மரங்களைக் கயிற்றால் பிணைப்பதுதான் அது, நீர் மேலேறி மரங்களுக்கு இடையே வழிந்து போகும் என்பதால் மூழ்காது, கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயவைக்க வேண்டும். ஃபைபர் படகுகள் பரவிவிட்ட இன்றைய கரையில் பதின்வயதினர் பலர் கட்டுமரத்தைக் கட்டிப் பார்த்ததில்லை. "கட்டுமரம் எப்படிக் கட்டுவீர்கள், ஐயா?" என்று நேரடியாகக் கேட்டால் இரண்டு வரியில் முடிந்துவிடும் பதில், தவறான படம் ஒன்று முன்னால் இருக்கும்போது ஒரு மாலைப்பொழுது முழுவதும் நீள்கிறது. அதன்பின் அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கரியாலும் வண்ணத்தாலும் வரைகிறார்கள். சுவரில் இடம்பெறுவது அந்தக் கைவரைவு; கருவியின் படம் அழிக்கப்படுகிறது. மனித முகங்களை மட்டும் கருவியிடம் எக்காரணம் கொண்டும் கேட்பதில்லை. பெயரும் உறவும் உள்ள மனிதர்கள் கண்முன் இருக்கும்போது, இல்லாத ஒருவருடைய முகத்தை அவர்களுக்குப் பதிலாக நிறுத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

பலத்திலிருந்து தொடங்குவது என்றால் துன்பத்தை மூடி மறைப்பது என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு; புன்னகைக்கும் முகங்களை மட்டும் தொகுத்து, கடலரிப்பையும் கழிவையும் பேசாமல் விடும் விளம்பரத் தொகுப்புகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். எந்த நீர் எந்தப் பக்கம் ஓடும், எந்தச் சேற்றில் இறால் வளரும் என்பதை அறிந்தவர்களால்தான் எங்கே என்ன அழிந்தது என்று துல்லியமாகச் சொல்ல முடியும். அறிவுடையவராகத் தன்னைக் கருதும் ஒருவர் தனக்கு நேர்ந்த அநீதியைச் சாட்சியாக நின்று சொல்கிறார். அவருடைய பேச்சில் காரணமும் பொறுப்பும் இடம்பெறுகின்றன.

எல்லாவற்றையும்விட என்னை அதிகம் சிந்திக்க வைப்பது, தொகுத்தவை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனி மனிதரின் தரவைப் பற்றியது. ஓர் ஊருக்குப் பொதுவான அறிவைப் பற்றி அது பேசுவதில்லை. நியூசிலாந்தின் வடகோடியில் கைத்தாயா என்ற ஊரில் இயங்கும் தே ஹிகு மீடியா என்னும், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் ஒலிபரப்பு நிறுவனம் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. 2018-இல் தம் மக்களிடம் கேட்டு, பத்தே நாட்களில் 300 மணி நேரத்துக்கும் மேற்பட்ட குரல்பதிவை அவர்கள் திரட்டி, மாவோரி மொழிக்கான பேச்சறிதல் கருவியைத் தாங்களே உருவாக்கினார்கள். அந்தத் தரவை வெளி நிறுவனங்களிடம் ஒப்படைக்க மறுத்து, சமூகத்துக்கு நன்மை தரும் பயன்பாட்டுக்கு மட்டுமே இடமளிக்கும் தனி உரிமத்தையும் வகுத்தார்கள்.

எங்கள் குப்பத்தில் இக்கேள்வி பாரில் வந்து நின்றது. கடலடிப் பாறைகளின் இடம் வரையப்பட்ட துணியை இணையத்தில் ஏற்றினால், ஜிபிஎஸ் கொண்ட விசைப்படகுகள் மறுநாளே அங்கு வந்து நிற்கக்கூடும். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிவு செய்யப்பட்டது இது: கட்டுமரம் கட்டுவது, பங்கு பிரிப்பது, சமையல், ஏலம் ஆகியவற்றைப் பற்றிய கதைகளும் ஓவியங்களும் எல்லோருக்கும் திறந்திருக்கும், பொது இடங்களின் வரைபடம் ஊரின் பொறுப்பில் இருந்து, தேவைப்படும்போது அதிகாரிகளிடம் காட்டப்படும், பார்களின் துணி படமெடுக்கப்படாது, எந்தக் கருவியிலும் ஏற்றப்படாது. பேச்சுப்பதிவுகளில் ஒரு பகுதியை யாரும் பயன்படுத்தக்கூடிய குரல்பதிவுகளைத் திரட்டும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் போன்ற பொதுத் திட்டத்துக்கு ஏற்ற வடிவில் தருவதா என்பது இன்னும் பேசப்பட்டுவருகிறது. அப்படித் தந்தால் கடற்கரைத் தமிழைக் கருவிகள் இன்னும் நன்றாகக் கேட்கும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். தந்தபின் திரும்பப் பெற முடியுமா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இரு தரப்பும் ஒப்பும்வரை பதிவுகள் குப்பத்திலுள்ள வன்தட்டிலேயே இருக்கும்.