காய்ச்சல் விடாத பிள்ளையை துணி விலக்கிப் பாருங்கள்

குழந்தைகள் வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, மழை ஓய்ந்து புதர் மண்டினதும் ஆறு ஏழு நாளாக விடாத காய்ச்சலோடு பிள்ளைகள் வருவார்கள், தலைவலி, வாந்தி, பிளேட்லெட்டும் குறைந்திருக்கும், வீட்டில் டெங்கு என்றே முடிவு பண்ணியிருப்பார்கள். டெங்குவாக இருக்கலாம்தான். ஆனால் உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ் வந்தாலும் பிளேட்லெட் குறையும்.

இதைப் பரப்புவது மாட்டிலும் நாயிலும் பார்க்கிற பெரிய உண்ணி இல்லை. புதரில் இருக்கிற, கண்ணுக்குச் சட்டென்று படாத சிற்றுண்ணியின் குஞ்சு. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் விளையிலோ வீட்டுக்குப் பின்னால் காடு பிடித்த இடத்திலோ பந்து பொறுக்கப் போன பிள்ளையைக் கடிக்கும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு கட்டும், வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் செய்யாது, அதனால் பிள்ளை சொல்லவே சொல்லாது.

அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் துணி இறுக்கும் இடம், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் என்று மறைவான இடமாகத்தான் பார்த்து இருக்கும். ஈரமான இடுக்கில் பொருக்கு உதிர்ந்து வெறும் புண்ணாகவும் தெரியும். சட்டையைக் கொஞ்சம் தூக்கி ஸ்டெத் வைத்தால் கிடைக்காது. கைக்குழந்தையை முழுசாகப் பார்த்துவிடலாம், பதின்மூன்று பதினான்கு வயசுப் பிள்ளைகளிடம்தான் கஷ்டம், கூச்சப்பட்டுக் காட்ட மாட்டார்கள். அதட்டக் கூடாது. திரையை இழுத்துவிட்டு, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதற்குப் பார்க்கிறோம் என்று சொல்லி, "மக்களே, ஒரு நிமிஷம்தான்" என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். இதை யாரும் தவிர்க்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பொருக்கு இல்லாததாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது. ஐஜிஎம் எலிசா ரத்தப் பரிசோதனை உண்டு, முதல் சில நாட்களில் அது நெகட்டிவ் காட்டலாம், அதனால் பலமான சந்தேகம் இருந்தால் டாக்டர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குவார். அமாக்சிசிலினும் செஃபிக்ஸிமும் இந்தக் கிருமியிடம் பலிக்காது. டாக்ஸிசைக்ளின் வேண்டும், இல்லையென்றால் அசித்ரோமைசின். எட்டு வயசுக்குக் கீழே டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பல் கறையாகும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு, அந்தக் கெட்ட பேர் அதே வகையைச் சேர்ந்த பழைய மருந்தான டெட்ராசைக்ளினால் வந்தது, சில நாள் மட்டும் கொடுக்கிற டாக்ஸிசைக்ளினால் அப்படி ஆவதாகக் காணவில்லை. தாமதித்தால் நுரையீரல், மூளை வரைக்கும் போகும், பயப்பட வேண்டியது அதற்குத்தான். எடையைப் பார்த்து அளவு சொல்ல வேண்டியது டாக்டர், பக்கத்து வீட்டு மிச்ச மாத்திரை வேண்டாம்.

சரியான மருந்து போனால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால் டைபாய்டா, மலேரியாவா, வேறு எதுவுமா என்று மறுபடி தேட வேண்டும். மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, பிள்ளை கூப்பிட்டும் கண் திறக்காமல் கிடந்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள்.