எந்தச் சனத்தோட சேந்து கும்பிடுறது

ஜனவரி 11

ஹெத்தையம்மன் பண்டிகைக்கு கூட வேலை பாக்குற படுகர் அக்கா கூப்பிட்டாங்கன்னு கோத்தகிரி பக்கம் பேரகணி போயிட்டு வந்தேன். ரோடு முழுக்க வெள்ளைத் துணியில சனம், கிழவி கைக்குழந்தை எல்லாம் வெள்ளை, வெளியூர்ல வேலை பாக்குறவங்க கூட லீவு போட்டு வந்து நிக்கிறாங்க. எனக்கும் உக்கார வச்சு சாப்பாடு போட்டாங்க, ஒரு குறையும் இல்ல. ஆனா ஹெத்தை அவங்களுக்கு சாமி மட்டும் இல்ல, அவங்க வம்சத்துப் பாட்டி. எத்தனை வருஷம் போனாலும் நான் விருந்தாளிதான். திரும்பி வர்றப்போ பஸ்ல, நமக்குன்னு இப்படிக் கூடுறதுக்கு யாரு இருக்கான்னு மனசு கேட்டுட்டே வந்துச்சு.

புதுசா படிக்கிறவங்களுக்கு, நாங்க சிலோன்ல இருந்து வந்த குடும்பம். 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல தாத்தா தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் கேம்ப்ல இருந்துட்டு கோத்தகிரி டேன்டீ லைனுக்கு, அதாவது அரசு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புக்கு வந்தவர். இன்னமும் சிலோன்காரங்கன்னுதான் எங்களுக்குப் பேரு.

ஜனவரி 25

அண்ணி ரொம்ப நாளா கூப்பிட்டுட்டே இருந்தாங்க, இன்னிக்கு ஜெபக் கூட்டத்துக்குப் போனேன். அம்மா போனதுக்கு அப்புறம் என் தலையில கைய வச்சு எனக்காக அழுது வேண்டுனது அந்த பாஸ்டரம்மா ஒருத்தங்கதான், அதை மறக்க மாட்டேன். முடிஞ்சு டீ குடிக்கிறப்போ சொன்னாங்க, பொட்டை எடுத்துரும்மா, வீட்ல இருக்குற மாரியாத்தா படத்தையும் எடுத்துரு, பழசெல்லாம் போகட்டும்னு. அந்தப் படம் அப்பாயி நுவரெலியா லைன்ல இருந்து சேலைக்குள்ள சுத்திக் கொண்டு வந்தது. எதை எடுக்க எதை விடன்னு பாத்துப் பாத்துப் பெட்டி கட்டுனவ, அதை மட்டும் விடல. நான் எப்படி விடுவேன்? செத்தவங்கள வாசல்லயே விட்டுட்டு உள்ள வான்னா எனக்கு முடியாது.

பிப்ரவரி 1

தைப்பூசம். குன்னூர்ல வள்ளலார் வழியில போறவங்க கொஞ்சப் பேரு சேந்து கஞ்சி ஊத்துனாங்க, நானும் போய் கேரட் நறுக்குனேன். வடலூர்ல ஏழு திரையையும் விலக்கி ஜோதி காட்டுறத ஒருத்தர் போன்ல போட்டு நடுவுல வச்சார், எல்லாரும் அருட்பெருஞ்ஜோதி சொன்னோம். எந்த ஊரு, என்ன ஆளுங்கன்னு ஒருத்தரும் கேக்கல. அது லேசுப்பட்ட விஷயம் இல்ல, எங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் அது தெரியும், ஊரைக் கேக்க ஆரம்பிச்சா சாதியில வந்துதான் நிப்பாங்க. 1867ல வள்ளலார் பத்த வச்ச தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையலன்னா இப்படிப்பட்டவங்கதான் காரணம். கஞ்சி ஊத்துற நாளுக்கு இனியும் போவேன். ஆனா அங்க தப்பு மேளம் கிடையாது, யார் மேலயும் சாமி வராது. எனக்கு வாய்விட்டு அழுது கும்பிட்டுத்தான் பழக்கம்.

பிப்ரவரி 20

லைன்ல காமன் கூத்துக்குக் கம்பம் ஊணியாச்சுன்னு சித்தப்பா போன் பண்ணார். காமன்னா மன்மதன், சிவன் அவனை எரிக்கிறதும் ரதி அழுறதும்தான் கூத்து. பாதி வீடு பூட்டிக் கிடக்கு, புள்ளைங்க எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனியில, ஆளே இல்லம்மா, இந்த வருஷத்தோட நிறுத்திரலாமான்னு கூத்து மாஸ்டர் கேக்குறாராம். நான் வர்றேன்னு சொல்லிட்டேன்.

மார்ச் 4

நேத்து ராத்திரி காமன் எரிஞ்சது. ரதி வேஷம் கட்டுன பையனுக்கு ஊக்கு குத்தி சேலை கட்டி விட்டது நான்தான். மீசைய எடுக்க மாட்டேன்னு அவன் அடம், அப்புறம் அவங்கம்மாவே பிளேடோட வந்துட்டாங்க. பக்கத்து எஸ்டேட்ல வேலை பாக்குற ஜார்கண்ட் ஆளுங்க வேடிக்கை பாக்க வந்தவங்க விறகு தூக்க ஆரம்பிச்சாங்க. அதுல ஒருத்தன் தாளம் போடுறதப் பாத்துட்டு மாஸ்டர் தப்பைக் கையில குடுத்துட்டார், அடி பிடிபட கொஞ்ச நேரம் ஆச்சு, அப்புறம் விடியிற வரைக்கும் அவன் கீழ வைக்கல.

சிவன் மதனை எரிச்சதும் ரதி ஒப்பாரி. மாஸ்டருக்குத் தொண்டை கட்டிப் போச்சு, ரெண்டு வரியில நின்னுட்டார். அப்பாயி பாடுன பாட்டு எனக்கு வரும், ஓரத்துல நின்னு எடுத்துக் குடுத்தேன், அதுக்குள்ள கிழவிங்க எல்லாம் சேந்துக்கிட்டாங்க, அம்மாவுக்கு அழாம வச்சிருந்தது எல்லாம் அங்கதான் அழுதேன்.

கூத்துக்கு வரிப்பணம் வசூல் பண்ற நோட்டை சித்தப்பாகிட்ட கேட்டு வாங்கிட்டேன். திருப்பூர் போனவங்க நம்பர் ஒவ்வொண்ணா பிடிக்கணும், அந்த ஜார்கண்ட் தம்பி பேரையும் கேட்டு எழுதணும். நாளன்னைக்கு எரிஞ்ச காமனை உயிரோட எழுப்புறது, வேலையில லீவு சொல்லியாச்சு.