மணிக்கட்டில் ஒரு நிமிடம்

"கை நடுங்குதாம்மா?"

கட்டிலில் படுத்திருந்த பாட்டி மெதுவாகக் கேட்டார். நோயாளியின் நாடி, மூச்சு பார்க்கும் செய்முறைத் தேர்வு எனக்கு, ஆறுதல் அவரிடமிருந்து.

மூன்று வாரமாகத் தங்கையின் கையில் பிபி பட்டையைச் சுற்றிச் சுற்றிப் பழகியதெல்லாம் அந்த நொடி மறந்தே போனது.

மூன்று விரல்களை அவர் மணிக்கட்டில் வைத்தேன். கட்டைவிரல் கூடாது, அதற்கே ஒரு துடிப்பு உண்டு. முழுதாக 60 விநாடி. நாடி 78.

அப்புறம் கையை விடாமலே மூச்சை எண்ணினேன். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நான் இன்னும் நாடிதான் பார்க்கிறேன் என்று நினைத்து, பாட்டி கண்ணை மூடிக்கொண்டார். சேலை மடிப்பு மட்டும் ஏறி இறங்கியது. 18.

மாலையில் பட்டியல் ஒட்டினார்கள். பாஸ்!

எனக்கு அந்த மூடிய கண்கள்தான் நினைவில் நிற்கின்றன. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கையைக் கொடுத்துவிட்டு அவ்வளவு நிம்மதியாகப் படுத்திருந்தாரே!