வட்டக்கச்சியிலிருந்து யப்பானிய மொழி: என் நாட்குறிப்பு

2025 ஜனவரி 19, ஞாயிறு

உயர்தரப் பரீட்சை முடிந்துவிட்டது. பெறுபேறு வரும்வரை சும்மா இருக்க எனக்கு மனமில்லை. யப்பானிய மொழியைத் தொடங்கிவிட்டேன். என்னோடு படித்தவர்களில் பலருக்கும் இதே எண்ணம் உண்டு. அதனால் அறிந்துகொள்வதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் போக விரும்புவது முதியோர் பராமரிப்பு வேலைக்கு. அங்கே அதைக் 'கைகோ' என்பார்கள். அம்மம்மா கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தபோது, முதுகில் புண் வராமல் அவவைத் திருப்பிப் படுக்க வைப்பதும் கஞ்சி பருக்குவதும் அம்மாவும் நானும்தான். எனக்கு அந்த வேலை வரும், பிடிக்கும். யப்பானில் நூறு பேரில் ஏறக்குறைய 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். பார்க்க ஆள் போதாமல் 2019 ஏப்ரலில் 'தொகுதெய் கினோ' (குறிப்பிட்ட திறன்) என்ற வேலை விசாவைத் திறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் இலங்கையும் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

கைகோவுக்கு மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும். முதலாவது மொழி: யப்பானிய மொழித் தேர்ச்சிப் பரீட்சையில் (JLPT) என்4 என்ற படி, அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற அடிப்படை மொழிப் பரீட்சை. அடுத்தது பராமரிப்புத் திறன் பரீட்சை. கடைசியாக, பராமரிப்புக்கென்றே தனியான ஒரு யப்பானிய மொழிப் பரீட்சை. மற்றத் துறைகள் பலவற்றுக்கு இந்த மூன்றாவது இல்லை.

பெப்ரவரி 8, சனி

ஹிரகானா 46 எழுத்தும் முடிந்து, அடுத்த எழுத்து வரிசையான கதகானாவில் நிற்கிறேன். பெரும்போக வெட்டு நடப்பதால் பகலில் வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை. படிப்பு இரவில்தான்.

தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்காதீர்கள். நம் எழுத்தில் 'த' ஒன்றுதான். அவர்களுக்கு வல்லோசை வேறு, மெல்லோசை வேறு. மெல்லோசையோடு 'தைகாக்கு' என்றால் பல்கலைக்கழகம். வல்லோசையோடு சொன்னால் படிப்பை இடைநிறுத்துவது. தமிழில் எழுதிய கொப்பியில் இரண்டும் ஒன்றாகவே கிடக்கும்.

குறில் நெடில் மட்டும் நமக்குப் பெரிய உதவி. 'ஒபசன்' மாமி முறை, 'ஒபாசன்' பாட்டி முறை. முதியோர் இல்லத்தில் இதை மாறிச் சொல்லக் கூடாது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த நீட்டம் தானாகவே காதில் விழும்.

மார்ச் 2, ஞாயிறு

இன்று எழுத நிறைய இருக்கிறது.

எனக்குக் கிடைத்த குறிப்புகளில் பாதி சிங்களத்தில், மீதி ஆங்கிலத்தில். ஆங்கில விளக்கத்தில் ஒரு பக்கம் ஓடுகிற இலக்கணம், தமிழில் நினைத்தால் ஒரு வரியில் முடிகிறது. 'ஹஹ நி தெகமி ஒ ககு' என்பதைப் பாருங்கள். ஹஹ அம்மா, நி என்பது 'கு', தெகமி கடிதம், ஒ என்பது 'ஐ', ககு எழுதுதல். அம்மாவுக்குக் கடிதத்தை எழுதுவேன். ஒரு சொல்லையும் இடம் மாற்றத் தேவையில்லை. வேற்றுமை உருபு பின்னால் வருகிறது, வினை கடைசியில் நிற்கிறது.

'தெ' வடிவம் என்று எல்லோரும் பயப்படுவது நம் வினையெச்சம்தான். 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. அங்கும் மிரு என்றால் பார்ப்பதுதான். 'கைதெ ஒகு' என்றால் எழுதி வைப்பது. ஒகு என்றால் வைப்பது. கொரெ, சொரெ, அரெ மூன்றும் நாங்கள் வீட்டில் சொல்கிற இது, உது, அதுவேதான். கேட்பவருக்குக் கிட்ட இருக்கும் பொருளுக்குச் 'சொரெ' ஏன் என்று படிக்கிற மற்றவர்கள் கேட்பதுண்டு. உங்கை, உவன், உது என்று பேசி வளர்ந்த எனக்கு அது கேள்வியாகவே படவில்லை.

சுசுமு ஓனோ என்ற யப்பானிய மொழியியலாளர் இந்த ஒற்றுமைகளை வைத்து இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்கவில்லை. உறவு இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, படிக்கிற பிள்ளைக்கு வழி ஒன்றாக இருப்பது பெரிய காரியம். வன்னிப் பிள்ளைகளுக்கு யப்பானிய மொழி தமிழ் வழியாகத்தான் சொல்லித்தரப்பட வேண்டும் என்பதில் எனக்கு இனிச் சந்தேகம் இல்லை.

கஷ்டம் எதிலென்றால் 'கஞ்சி' என்கிற சீன எழுத்துகளில். பிறகு எண்ணுவதில். மனிதருக்கு ஒரு கணக்கு, நீளமான பொருளுக்கு ஒன்று, தட்டையானதற்கு வேறொன்று. இதற்குத் தமிழ் உதவாது. எழுதி எழுதித்தான் வரவேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பெறுபேறு வந்துவிட்டது. கலைப்பிரிவில் மூன்று பாடமும் சித்தி. கிளிநொச்சி பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் 5 வீத ஒதுக்கீட்டிலும் வாய்ப்பு உண்டு, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பி என்கிறார் அப்பா. விண்ணப்பிப்பேன். களனியில் யப்பானிய மொழியையே பாடமாகப் படிக்கலாம், அது கிடைத்தால் யோசிக்கத்தான் வேண்டும்.

மத்தியானம் மாமா வந்தார். தெரிந்த முகவர் ஒருவர் மாணவர் விசாவில் அனுப்புகிறாராம்.

"பிள்ளை, படிச்சுக்கொண்டே உழைக்கலாமாம். காணியை ஈடு வைச்சால் காணும்."

"மாமா, கிழமைக்கு 28 மணித்தியாலம்தான் வேலை செய்ய விடுவினம். கணக்குப் பாப்பமா?"

கொப்பியை விரித்தேன். யப்பானின் சராசரி ஆகக் குறைந்த கூலி, 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி, மணிக்கு 1,055 யென். மாதத்துக்கு நாலு கிழமை என்று பிடித்தால் ஏறக்குறைய 1,18,000 யென் வரும். மொழிப் பள்ளிக்கு ஆண்டுக்கு ஏழெட்டு இலட்சம் யென் என்றால் மாதம் அறுபதினாயிரம் அளவில் அதற்கே போய்விடும். மிச்சத்தில் அறை வாடகை, சாப்பாடு, காப்புறுதி. ஈடு மீட்க எங்கே காசு? மாமா கொப்பியைத் தன் பக்கம் திருப்பிக் கூட்டிப் பார்த்தார்.

"அப்ப நீ சொல்லுற விசாவிலை?"

"அது வேலை விசா மாமா. அங்கத்தைய ஆக்களுக்குக் குடுக்கிற சம்பளத்துக்குக் குறையாமல் குடுக்கவேணும் எண்டு சட்டம் இருக்கு."

என் முடிவை வீட்டில் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். மொழிப் பரீட்சையில் சித்தியடையும்வரை எந்த முகவருக்கும் ஒரு சதமும் இல்லை. அதற்குப் பிறகும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அனுமதிப்பத்திரத்தைச் சரிபார்த்த பிறகுதான் பேச்சு. மொழி தெரியாமல் போகிறவர்தான் முகவர் சொல்கிற விலையைக் கொடுக்கிறார். என்4 சான்றிதழ் கையில் இருந்தால் நாமே கேள்வி கேட்கலாம்.

மே 25, ஞாயிறு

போன ஞாயிறு முள்ளிவாய்க்காலுக்குப் போனோம். 2009இல் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையால் வந்தவ. "திரும்பவும் பிள்ளையைத் தூரமாய் விடவோ" என்று அவ கேட்டதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. அவவின் பயத்துக்கு என்னிடம் வாதம் இல்லை. ஒவ்வொரு கிழமையும் படித்ததை அவவுக்குச் சொல்லிக் காட்டுகிறேன், அவ்வளவுதான்.

இன்று சொல்லிக் காட்டியது நோவுச் சொற்கள். யப்பானிய முதியவர்கள் நோவை அநேகமாக இரட்டிப்பு ஒலியில் சொல்வார்கள். 'சுகிசுகி' விண்விண் என்று தெறிப்பது. 'சிகுசிகு' சுருக் சுருக்கென்று குத்துவது. 'ஹிரிஹிரி' தோல் கடுகடுப்பது. 'கங்கன்' மண்டை இடிப்பது. அம்மா தையலை வைத்துவிட்டு, அம்மம்மாவின் முழங்காலுக்கு எது, நாரிப்பிடிப்புக்கு எது என்று கேட்கத் தொடங்கினா. பிறகு அவவே வகைப்படுத்தினா. தொழிற்பரீட்சைக்கு இப்படி ஒரு துணை எனக்குக் கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று. 'தொகுதெய் கினோ' முதலாம் வகையில் பொதுவாக மொத்தம் 5 ஆண்டுதான் இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. மற்றத் துறைகள் பலவற்றுக்கு, நீண்டகாலம் இருக்க விடுகிற இரண்டாம் வகை உண்டு, கைகோவுக்கு இல்லை. அதற்குப் பதிலாக 'கைகோ புகுஷிஷி' (தகுதி பெற்ற பராமரிப்பாளர்) என்ற தேசியப் பரீட்சை. 3 ஆண்டு வேலை செய்து, அதற்கான பயிற்சியும் முடித்தால் எழுதலாம். சித்தியடைந்தால் கைகோ விசா. எத்தனை முறையும் புதுப்பிக்கலாம், குடும்பமும் வரலாம். பரீட்சை முழுக்க யப்பானிய மொழியில்.

ஆகவே என்4 என்பது படலை மட்டும். அதோடு புத்தகத்தை மூடிவிட்டால் ஐந்தாம் ஆண்டு திரும்பி வரவேண்டியதுதான். அங்கே போன முதல் மாதத்திலிருந்தே அதற்கு மேற்படிகளான என்3, என்2 வாசிப்பைத் தொடர வேண்டும். இரவுக் கடமை முடித்து வந்து படிக்க எவ்வளவு தெம்பு இருக்கும் என்று தெரியாது. இங்கிருந்தே கஞ்சியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு போவதுதான் என் வழி. என்4க்கு ஏறக்குறைய 300 கஞ்சி போதும் என்பார்கள். நான் அதோடு உடலுறுப்பு, நோய், மருந்து, உணவு தொடர்பானவற்றையும் படிக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

டிசம்பர் 7 பரீட்சைக்கு என்4 எழுத ஆயத்தம். கொழும்புக்கு முதல் நாளே போய்த் தங்க வேண்டும். தனியாக அனுப்ப அம்மா விடமாட்டா, அப்பா கூட வருகிறார்.

180 புள்ளியில் 90 வேண்டும். அது மட்டும் போதாது: மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த 120இல் 38, கேட்டல் 60இல் 19 தனித்தனியே எடுக்க வேண்டும். ஒன்றில் குறைந்தால் மொத்தம் எவ்வளவு வந்தாலும் சித்தி இல்லை. வன்னியில் தனியாகப் படிப்பவர்களுக்குக் கேட்டல்தான் ஆபத்து. பேச ஆளில்லை. ஜப்பான் பவுண்டேஷன் இலவசமாகத் தரும் ஒலிப்பதிவுகளைத் தொலைபேசியில் இறக்கி வைத்து, சமைக்கும்போதும் கிளிநொச்சிக்கு பஸ்ஸில் போகும்போதும் கேட்கிறேன்.

என்4 தவறினாலும் அடுத்த என்4 பரீட்சை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஜே.எஃப்.டி. பேசிக் கணினியில் செய்யும் பரீட்சை, கொழும்பிலேயே நடக்கிறது, 250இல் 200 எடுத்தால் சித்தி, முடிவு அன்றைக்கே திரையில் தெரியும்.

பக்கத்துத் தெருப் பிள்ளைகள் சிலர் ஹிரகானா சொல்லித்தரக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் தொடங்குகிறோம். கொப்பியும் பென்சிலும் போதும். விளக்கம் முழுக்கத் தமிழில்.